எழுபது கிலோவும் என் புஜபலமும்

மயிலாப்பூரில் இப்போது யாரும் சேவல் வளர்ப்பதில்லை. தேவையும் இல்லை. கச்சேரி ரோட்டுப் பக்கம் குடியிருப்பவனுக்குப் பொழுது விடிந்ததை ஷட்டர்கள் சொல்லிவிடும். முதலில் பால் கடை, அடுத்து மளிகைக் கடை, வெயில் ஏறிய பிறகு நாட்டு மருந்துக் கடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. எண்ணெய் கண்ட ஷட்டர் 'சர்ர்' என்று போகும். எண்ணெயைக் கண்ணால்கூடப் பார்க்காதது, தெருவில் தூங்கும் நாய்களை எல்லாம் எழுப்பிவிட்டுத்தான் மேலே போகும்.

ஷட்டர் தூக்குகிற கடைக்காரரின் தோரணையைக் கவனித்திருக்கிறீர்களா? குனிந்து பூட்டைத் திறந்து, சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கைப்பிடியில் இரண்டு விரலைப் போட்டு ஓர் இழுப்பு. இடுப்பு உயரம் வந்ததும் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த இரண்டு நொடி அவர் முகத்தைப் பார்த்தால், கோவர்த்தன மலையைத் தூக்கியவர் இவர்தான் என்று சத்தியம் செய்யலாம்.

நானும் எங்கள் கார் ஷெட் ஷட்டரை அப்படித்தான் தூக்கிக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டிய ஆள். மாடிப்படியில் நடுவில் நின்று செல்போன் பார்க்கிற மாதிரி மூச்சு வாங்குகிறவன். ஷட்டர் முன்னால் மட்டும் பீமசேனன். பேரன் பார்க்கிறான் என்றால் இடது கைதான்.

அந்த ஷட்டரின் அளவு பத்தடிக்கு எட்டடி. தகடு 1.25 மில்லிமீட்டர் கனம். அந்தக் கனத்தில் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோ வரும். மடிப்பு, கொண்டி, கைப்பிடி எதையும் சேர்க்காமலே எழுபது கிலோவைத் தாண்டுகிறது. என் சம்பந்தியின் எடையும் அதுதான். நவராத்திரிக்கு ஊரிலிருந்து வந்து ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தபோது, இந்த மனிதரைத் தினம் காலையில் இரண்டு விரலால் என் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறேனா என்று எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. வந்திருக்க வேண்டிய சந்தேகம்தான். தூக்கிக்கொண்டிருந்தது நானில்லை.

ஷட்டருக்கு மேலே, நெற்றிக் கவருக்குள், சுவருக்குச் சுவர் ஒரு குழாய் ஓடுகிறது. அது சுழலாது. அதன்மேல் சக்கரங்கள் கோத்திருக்கும். ஷட்டர் தகடு சுருள்வது அந்தச் சக்கரங்களின்மேல். சக்கரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் ஸ்பிரிங். அதன் ஒரு முனை அசையாத குழாயில், மறுமுனை சுழலும் சக்கரத்தில். ஷட்டரை இறக்கினால் ஸ்பிரிங் முறுக்கேறும். ஏற்றினால் முறுக்கு அவிழ்ந்து, அந்த வேகத்தில் தகட்டைத் தன் பக்கம் சுருட்டிக்கொள்ளும். இதில் இருக்கும் சாமர்த்தியத்தைப் பாருங்கள். முழுக்க இறங்கி நிற்கும்போது எட்டடித் தகடும் தொங்குகிறது; அப்போது ஸ்பிரிங்கிலும் முறுக்கு உச்சம். ஏற ஏறத் தொங்கும் எடை குறையும், முறுக்கும் குறையும். இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்குவதால் நடுவில் நிற்கிற நமக்கு வேலையே இல்லை. ஆரம்பித்துவைப்பதும், பெயரைத் தட்டிக்கொண்டு போவதும்தான் நம் பங்கு.

முறுக்க முறுக்க எதிர்ப்பு அதே கணக்கில் கூடும் என்ற இந்த விதியைச் சொன்னவர் ராபர்ட் ஹூக். இங்கிலாந்துக்காரர். 1676-இல் அச்சிட்டபோது, வேறு யாராவது சொந்தம் கொண்டாடிவிடக் கூடாதே என்று லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அச்சிட்டார். இன்னது பொருள் என்று அவர் விண்டு சொன்னது 1678-இல். அந்த ரகசியத்தை எங்கள் பேட்டை மெக்கானிக்குகள் இன்றைக்கும் காப்பாற்றி வருகிறார்கள். "டென்சன் ஏத்தணும் சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

எங்கள் ஷெட்டைக் கட்டியவர் என் மாமனார். நான் வீட்டோடு மாப்பிள்ளை. அது வேறு கட்டுரை. அவர் வைத்திருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1961 முதல் நம்ம மெட்ராஸ் கம்பெனியே தயாரித்த வண்டி. அகலம் ஐந்தடி. நீளம் பதின்மூன்று அடிகூடக் கிடையாது. அந்த ஐந்தடி வண்டிக்கு ஏன் பத்தடி வாசல் என்று மாமியாரிடம் ஒருமுறை கேட்டேன். "அவர் ஓட்டுறதை நீங்க பார்த்ததில்லையே மாப்பிள்ளை" என்றார். ஆரம்பத்தில் மரக்கதவு இருந்து, கரையானுக்குப் பிறகு ஷட்டர் வந்தது. ஹெரால்டு போய் ரொம்ப நாளாயிற்று. இப்போதைய கார்கள் அந்த ஷெட்டுக்குள் மூக்கை மட்டும்தான் நுழைக்க முடியும். மயிலாப்பூரில் இந்த மாதிரிக் கார் ஷெட்டுகளுக்கு இரண்டே கதி. வாடகைக்குப் போனால் தையற்கடை, ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர். போகாவிட்டால் வீட்டுக்காரம்மாவின் கிடங்கு. எங்களுடையது இரண்டாவது வகை. வடாம் பிழியும் நாழி, ஓடாத மிக்சி, கொலுப்படி, பழைய வேட்டியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் படுத்திருக்கும் கொலு பொம்மைகள்.

மகாளய அமாவாசைக்கு முந்தின ராத்திரி, ரெண்டு மணி இருக்கும். டமார் என்று ஒரு சத்தம்.

சென்னையில் இரவில் எந்தச் சத்தம் கேட்டாலும் முதல் தீர்ப்பு டிரான்ஸ்பார்மர். எதிர் வீட்டுக்காரர் மின்வாரியத்துக்குப் போனே போட்டுவிட்டார், தெருவிளக்கு எல்லாம் எரிந்துகொண்டிருந்தபோதே. சம்பந்தி, ஏதோ கட்சிக்காரர்கள் வெடி போடுகிறார்கள் என்று சொல்லிப் புரண்டு படுத்தார். உண்மையில் உடைந்தது எங்கள் ஷட்டரின் ஸ்பிரிங். அது ஏன் நடுராத்திரியில் உடைய வேண்டும் என்று பிற்பாடு யோசித்தால் அது நியாயமாகத்தான் இருக்கிறது. ஷட்டர் சாத்தியிருக்கும்போதுதான் முறுக்கு உச்சத்தில் நிற்கிறது. ஊர் தூங்கும் நேரம் அதற்கு உழைக்கும் நேரம். கடை திறந்து வியாபாரம் ஜோராக நடக்கும்போதுதான் அது காலை நீட்டிக் கிடக்கிறது.

இந்தக் கணக்கில் பார்த்தால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு உத்தரவு போட்டதே, அது ஸ்பிரிங்குகளுக்குப் பொற்காலமாக அமைந்திருக்க வேண்டும். அடுத்த வருஷமே 2020 மார்ச்சில் ஊரடங்கு. நாம் வீட்டில் உட்கார்ந்து தாயம் ஆடிய நாளெல்லாம் டி.நகர் ரங்கநாதன் தெரு முழுக்க ஸ்பிரிங்குகள் உச்ச முறுக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. நிவாரணம் கேட்டு அவை மனுப் போட்டதாகத் தெரியவில்லை.

காலையில் வழக்கம்போல இரண்டு விரலைப் போட்டு இழுத்தேன். ஷட்டர் அசையவில்லை. நான்கு விரல். இரண்டு கை. அடுத்துக் காலை அகட்டி, வேட்டியை மடித்துக் கட்டி, பழனி முருகனை வேண்டிக்கொண்டு. வலது பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் எழுந்து, என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பின்னாலிருந்து பேரன் கேட்டான்: "தாத்தா, லெஃப்ட் ஹேண்ட்ல தூக்கேன்."

கூட்டம் கூடியது. இஸ்திரி வண்டிக்காரர், ஷட்டர் ஓடும் பக்கச் சேனலில் மண்ணெண்ணெய் விடச் சொன்னார். ஆட்டோ டிரைவர் ஜாக்கியோடு வந்தார். எதிர் வீட்டுக்காரர், புதுப்பேட்டையில் போனால் லாரி ஸ்பிரிங்கே கிடைக்கும், அதைப் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்றார். லாரி ஸ்பிரிங் போட்டால் ஷட்டர் ஏறும் வேகத்தில் கைப்பிடியைப் பிடித்திருக்கும் நான் கபாலி கோயில் கோபுரத்துக்கு மேலே போய்விடுவேனே என்ற கவலை அவருக்கு இல்லை. சம்பந்தி எதையும் பாதியில் நிறுத்துகிறவர் அல்ல. "கேஸ் கட்டர் வெச்சு அறுத்துடுங்க சம்பந்தி. புதுசா போட்டுக்கலாம்" என்றார். பிறர் வீட்டு ஷட்டர் என்றால் மனிதனுக்கு எவ்வளவு துணிச்சல் வருகிறது!

என் மனைவியின் கவலை வேறு. நாளைக்குப் படி வைக்க வேண்டும். படியும் உள்ளே, பொம்மையும் உள்ளே.

"வடக்கு மாட வீதியில புதுசா ஒரு செட்டு வாங்கிக்கலாமே" என்றேன்.

"மரப்பாச்சி எங்க அம்மா குடுத்தது. மாட வீதியில எங்க அம்மாவும் கிடைப்பாங்களா?"

கூட்டம் சட்டென்று கலைந்தது.

ஜாம்பஜார் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வரும்போதே கையில் போன். "ஆயுத பூஜ சீசன் சார். டி.நகர் பூரா நம்மளத்தான் கூப்புடுறான். உஸ்மான் ரோட்ல மூணு கடை வெயிட்டிங்." நெற்றிக் கவரைப் பார்த்தார். கைப்பிடியை ஒருமுறை ஆட்டினார். திறக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"மூணு ஸ்பிரிங்கு சார். ஒண்ணு எப்பவோ பூட்ச்சு. நேத்து ஒண்ணு பூட்ச்சு. மீதி ஒண்ணே ஒண்ணு தம் கட்டினுக்கீது."

ஒன்று எப்போதோ போய்விட்டது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. மற்ற இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் அதன் பங்கையும் சுமந்திருக்கின்றன. கொஞ்ச நாளாக ஷட்டர் கனப்பதை நான் வயசின் கணக்கில் எழுதி, டாக்டரிடம் காட்டி, கால்சியம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் இதெல்லாம் கணக்கு வைத்துச் செய்கிறார்கள். 1921-இல் சி.ஜி. ஜான்சன் என்பவர் மேலே தூக்கும் கராஜ் கதவைக் கொண்டுவந்தார். 1926-இல் அதை மின்சாரத்தில் திறக்கும் கருவியையும் கொண்டுவந்தார். அங்கே கதவு சுருளாது, பலகை பலகையாக மடங்கி உத்தரத்துக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் தூக்குவது அங்கேயும் முறுக்கிய ஸ்பிரிங்தான். சாதாரண ஸ்பிரிங் ஒன்றின் ஆயுள் 10,000 தடவை என்பது அவர்கள் கணக்கு. ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு தடவை. இதை நம்ம ஊருக்குப் போட்டுப் பார்த்தேன். ரங்கநாதன் தெருவில் காலையில் திறந்தால் ராத்திரிதான் சாத்துவார்கள். தினம் ஒரு தடவை. 27 வருஷம் வரும். மயிலாப்பூரில் பழைய கடைகள் மதியம் ஒரு மணிக்குச் சாத்திவிட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நாலு மணிக்குத் திறப்பவை. தினம் இரண்டு தடவை. பதினாலு வருஷம்கூட வராது. டி.நகரில் உட்கார நேரமில்லாமல் உழைக்கிற கடையின் ஸ்பிரிங் ரெண்டு மடங்கு வாழ்கிறது. முதலாளி ஓய்வெடுத்தால் ஸ்பிரிங்குக்கு ஆயுள் குறைகிறது. இதைத் தொழிற்சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

அதுவும் அமெரிக்கக் கணக்கு. நமக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சாந்தோம் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று கம்பியில் ஊசிமுனை அளவு துரு வைக்கும். ஒவ்வொரு முறுக்கிலும் அந்த இடத்தில் விரிசல் ஒரு நூல் உள்ளே போகும். கம்பி வெளியே பார்க்கத் தடியாகத்தான் தெரியும், உடையும் நாள்வரை. அடையாறு, பெசன்ட் நகர்க்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். கோட்டூர்புரத்து நண்பர் ஒருவருக்கு நேர்மாறான அனுபவம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கீழ்த் தகடும் சேனலும் சேறு ஏறிப் பாழாயின. ஸ்பிரிங் மட்டும் உச்சாணியில் உட்கார்ந்து வெள்ளத்தை வேடிக்கை பார்த்திருக்கிறது.

மெக்கானிக் வேலையை ஆரம்பித்தார். முதலில் ஷட்டரைக் கையால் மேலே ஏற்றியாக வேண்டும். கலைந்த கூட்டத்தை மறுபடி திரட்டினோம். இஸ்திரிக்காரர், ஆட்டோ டிரைவர், எதிர் வீட்டுக்காரர், வழி கேட்க வந்து மாட்டிக்கொண்ட ஒரு டெலிவரி பையன். சம்பந்தி கை வைக்கவில்லை; "ம்... தூக்கு... ம்... தூக்கு" என்று சுருதி கொடுத்தார். எழுபது கிலோவின் உண்மையான கனம் அன்றைக்குத்தான் தெருவுக்கே தெரிந்தது. இடுப்பு உயரம் வந்ததும் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தார். உடனே என் மனைவி குனிந்து உள்ளே போகப் பார்க்க, மெக்கானிக் போட்ட சத்தம் லஸ் கார்னருக்குக் கேட்டிருக்கும்.

"எம்மா! தலைய நீட்டாத! கட்ட நவுந்தா கில்லட்டினு!"

அவருக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும் என்று நான் வியந்துகொண்டிருக்கும்போதே, முழுக்க மேலே சுருட்டி, வடக்கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டார். இனி அவிழாது என்று அவர் தலையாட்டிய பிறகு பெட்டிகள் வெளியே வந்தன. தசாவதார செட், கல்யாண செட், மரப்பாச்சி ஜோடி. பருப்பும் அரிசியும் பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மைகளை வேட்டியிலிருந்து பிரித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. எத்தனை தலைமுறையாகக் கடை நடத்துகிறார்கள்! ஷட்டரே கிடையாது.

நெற்றிக் கவரைக் கழற்றியதும் மெக்கானிக் எங்களை எல்லாம் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். உடைந்த ரெண்டும் செத்த பாம்பு. உடையாத அந்த மூன்றாவதுதான் ஆபத்து. ஷட்டர் மேலே ஏறியிருந்தாலும் அதில் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருக்கும். பைப் ரெஞ்சால் குழாயைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்தி, ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்க வேண்டும். ரெஞ்ச் வழுக்கினால் அந்தப் பிடி சுழன்று வந்து தாடையைப் பேர்த்துவிடும். "யூடியூப் பாத்துட்டு ஸ்பேனரோட ஏறினார் ஒர்த்தர். ரெண்டு பல்லு" என்றார் மெக்கானிக். இந்த வயதில் ஸ்டூலில் ஏறும் உத்தேசம் எனக்குக் கிடையாது. ஆனாலும் அவர் அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மூணையும் மாத்திடு சார். பழசு ஒண்ணு, புச்சு ரெண்டுன்னு போட்டா, ஒரு பக்கம் இஸ்த்துக்கும்."

புது ஸ்பிரிங்கை நான் அளந்து பார்த்தேன். ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவு. மத்திய பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலிலேயே ஷட்டர் ஸ்பிரிங்கின் நீளம் 27.5 சென்டிமீட்டர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எந்த எஃகுக் கம்பியில் செய்ய வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய எண்ணும் உண்டு, 4454. பத்து சதுர மீட்டருக்கு மேல் போனால் சங்கிலியும் கிராங்க்கும் வைத்துச் சுற்றுகிற ஏற்பாட்டுக்கு அதே பட்டியலில் தனி விலை இருக்கிறது. அரசாங்கம் மனித புஜத்துக்கு ஓர் எல்லை கட்டியிருக்கிறது. நான் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறேன், ஏழரை சதுர மீட்டரில். ஏழரை என்ற எண்ணைப் பார்த்ததும் மனைவி பஞ்சாங்கம் பக்கம் திரும்பினாள்.

குழாயை ஏற்றி, மூன்று ஸ்பிரிங்கிலும் வேண்டிய முறுக்கைக் கொடுத்து, சேனலைத் துடைத்து, கிரீஸ் வைத்து, கயிற்றை அவிழ்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கையை எடுத்தார். அது அங்கேயே நின்றது. "இப்டி நிக்கணும் சார். கைய எடுத்ததும் வுழுந்தா ஸ்பிரிங்கு வீக்கு. தானா மேல ஓடினா டென்சன் ஜாஸ்தி. மாசத்துக்கு ஒருக்கா பாத்துக்க." கடையடைப்பு நாட்களில் டி.நகர்க் கடைகள் பாதி ஷட்டரோடு நிற்குமே, சட்டமும் மீறாமல் வியாபாரமும் போகாமல், அது முதலாளியின் ராஜதந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்பிரிங்கின் ஒத்துழைப்பு இல்லாமல் அந்த ராஜதந்திரம் நடக்காது போலிருக்கிறது.

பணம் பற்றிப் பேச்சு நடந்தது. அவர் சொன்ன தொகையை இங்கே எழுதினால் எதிர் வீட்டுக்காரர் "நான் அப்பவே லாரி ஸ்பிரிங்..." என்று ஆரம்பிப்பார். பேரம் முடிந்து, பழைய ஸ்பிரிங்குகளை அவர் பையில் போடப் போகும்போது மனைவி கேட்டாள்.

"அது எங்க போகுது?"

"காயலாங்கடைக்குதாம்மா."

"அது எங்க வீட்டு இரும்பு. இங்க வெச்சுட்டுப் போங்க."

அடுத்த வாரம் ஆயுத பூஜைக்கு நான் ஷட்டருக்கு ஒன்பது இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்தேன். தெருக்கோடிவரை எல்லாக் கடைக்காரர்களும் அப்படித்தான் வைத்திருந்தார்கள், தகட்டின்மேல். மேலே கவருக்குள் இருக்கும் ஆளுக்கு யாரும் வைக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், ஏறினால் பல்லுக்கு உத்தரவாதமில்லை என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

காயலாங்கடைக்குப் போகாத பழைய ஸ்பிரிங்குகளில் ஒன்றைப் பேரன் எடுத்து, கொலுவில் போட்ட பார்க்கில் பொம்மை ரயிலுக்குக் குகையாக வைத்துவிட்டான். மேலே பச்சைக் காகிதம் ஒட்டி, கடுகு முளைப்பாரி தூவியதும் ஊட்டி மலை ரயில் மாதிரியே இருந்தது. சுண்டல் வாங்க வந்தவர்கள் தசாவதாரத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள். மூன்றாவது தெரு அம்மாள் குனிந்து, தொட்டு, "நல்லா கனமா இருக்கே, மாட வீதியில இந்த மாதிரி பார்க்கலையே, எங்க வாங்கினீங்க?" என்றார்.

"ஜாம்பஜார்ல. ஆர்டர் குடுத்தாதான் வரும்" என்றாள் என் மனைவி.

"என்ன விலை?"

மெக்கானிக் வாங்கிய முழுத் தொகையையும் ஒரு ரூபாய் குறைக்காமல் சொன்னாள்.